காலை வண்டிக்கு வந்த விருந்தாளி

லலிதாம்பாள் மாமியின் வண்டி காலையில் எங்கள் பக்கமிருந்து காலியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் இருக்கும் வயதானவர்களைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இலவசமாகக் கொண்டுபோய் விடுவதற்காக அவர்களுடைய தெரு அசோசியேஷன் வாங்கிய பழைய வேன் அது. மாமிதான் செக்ரட்டரி. டிரைவர் பிஜு அண்ணனின் வீடு கல்லாட்டுமுக்கு தாண்டி, எங்கள் பக்கம். அக்ரஹாரத்தில் நிறுத்த இடமில்லாததால் ராத்திரி அவர் வீட்டு முற்றத்தில் வண்டி நிற்கும். காலையில் அங்கிருந்து கிளம்பி, ஆற்றோரம் இருக்கும் எங்கள் லைன் வீடுகளைத் தாண்டி ஸ்ரீவராகம் போகும். பிறகு கிழக்கேகோட்டை, சாலைக் கடைத்தெரு, தம்பானூர் என்று ஆஸ்பத்திரி வரை ஓடும்.

அதில் எங்களுக்கு இடம் கிடைத்தது மழையால். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் மாமி வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தேன். கொட்டுகிற மழையில் ஒரு நாள் நடந்து போகும்போது பிஜு அண்ணன் பக்கத்தில் நிறுத்தி, "மோளே, கேறு" என்று ஏறச் சொன்னார். நான் வண்டியிலிருந்து இறங்குவதை மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"வெறும் வண்டிதானே வரது" என்றார் மாமி, பிஜு அண்ணனிடம். "அங்கேர்ந்து வேலைக்கு வரவாளையும் ஏத்திண்டு வந்தா என்ன? டீசல் ஒண்ணுதானே ஆகப்போறது?"

அதைச் சொல்ல அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மா பெயர் சுடலைமாடத்தி. அப்பா போன பிறகு கட்டட வேலைக்குப் போய்த்தான் என்னை வளர்த்தாள். ஒரு ஃபிளாட் வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு ஒடிந்தது. சேர்ந்தும் சேராமலும் அப்படியே நின்றுவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். வீட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். நிற்கிற வேலை, குனிகிற வேலை எதுவும் முடியாது. சாலைக் கடைத்தெருவில் வன்னியராஜ் அண்ணாச்சியின் குடோனில் வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற வேலை கிடைத்தது. உட்கார்ந்தே செய்யலாம். இந்த ஊரில் அவளால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. டவுன் பஸ்ஸில் அவள் ஒரு காலைப் படியில் வைப்பதற்குள் பெல் அடித்துவிடுவார்கள். ஒரு தடவை விழுந்தும் விட்டாள். ஆட்டோவில் போனால் கூலியில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். மாமியின் வண்டி வந்தபிறகுதான் அவள் ஒழுங்காக வேலைக்குப் போனாள். வண்டி நின்றால் வேலையும் நின்றுவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

அம்மா ஏறுவதற்காக பிஜு அண்ணன் ஒரு பழைய சோடாப் பெட்டி வைத்திருந்தார். தினமும் இறங்கிவந்து அதைப் படிக்குக் கீழே போடுவார்.

"சேச்சிக்கு மாத்திரம் ஸ்பெஷல் லிஃப்ட்" என்பார்.

"எங்களுக்குக் கிடையாதோ லிஃப்ட்?" என்று கேட்பார் லீலாபாய் அக்கா. தம்பானூரில் ஒரு லாட்ஜில் கூட்டித் துடைக்கிறவர். நல்ல பருமன்.

"லீலச்சேச்சி கேறினா பின்னே லிஃப்ட் உண்டாகாது. வெறகுதான்."

"போலே, ஒனக்க வண்டியே வெறகு."

அது உண்மைதான். வண்டி வெறகாகிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் புகை கக்கியது. பிரேக் பிடிக்கும்போது பன்றி மாதிரி கத்தியது. முன்பு தெருவில் வீட்டுக்கு வீடு மாசாமாசம் வண்டிக்குப் பணம் கொடுத்தார்கள். இப்போது பாதி வீட்டில் பூட்டு, மீதி வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும்போது அனுப்புகிறார்கள். மாமி போனில் பேசுவதெல்லாம் அடுக்களையில் எனக்குக் கேட்கும். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி தர்மத்துக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்குகிறதாம். மாமி அவர்களுக்கு எழுதிப்போட்டிருந்தார். அவர்கள் ஒரு ஆளை அனுப்பி நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம்.

"அந்தக் காலை வண்டியைப் பத்தித்தான் அவா திரும்பத் திரும்பக் கேக்கறா" என்று பெங்களூரில் இருக்கும் மகனிடம் மாமி சொல்லிக்கொண்டிருந்தார். "கிழங்கள் கோயிலுக்குப் போறதுக்கு எவன் தருவான், கேசவா? கஷ்டப்படறவா வேலைக்குப் போறான்னாதான் தருவான். இவாளை வெச்சாக்கும் நமக்கு வண்டி கிடைக்கணும்."

ஒரு நாள் காலையில் ஸ்ரீவராகத்தில் மாமியே வண்டியில் ஏறிவந்து எல்லோரிடமும் சொன்னார்.

"நாளைக்குக் கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு வரா. உங்களோட வண்டியில வருவா, பேசுவா. அதுக்காக நீங்க ஒண்ணும் விசேஷமாப் பண்ண வேண்டாம், கேட்டேளா? எப்பவும் எப்படி வரேளோ அப்படி வந்தாப் போறும். கேட்டா உள்ளதைச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மாமி இறங்கியதும் லீலாபாய் அக்கா கையைத் தட்டினார்.

"போட்டோ எடுப்பாவ, பாத்துக்கோ. நல்ல சீலை ஆருட்டயெல்லாம் உண்டும்?"

"விசேஷமா ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாவளே" என்றேன். வண்டியில் நான் வாய் திறப்பதே அபூர்வம். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் காது சூடாகிவிட்டது.

"அப்படித்தாம்ட்டி சொல்லுவாவ" என்றாள் அம்மா. "விருந்துக்கு விளிக்கவிய ஒண்ணும் கொண்டாராண்டாம்னுதான் சொல்லுவாவ. அதுக்காவ வெறுங்கைய வீசிட்டுப் போவியா? வண்டி தாறவ வாறா. நாம கசங்கின சீலையோட இருந்தா மாமிக்குல்லா கொறச்சல்."

அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் தோன்றியது.

மறுநாள் காலையில் அம்மா தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். அரக்குச் சிவப்பு. மடிப்பு மடிப்பாக ஜரிகை கறுத்திருந்தது. லீலாபாய் அக்கா கவரிங் சங்கிலிகளைப் பெட்டியோடு கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டார். எல்லோர் தலையிலும் பிச்சிப்பூ. புறப்படும்போது அம்மாவின் கையில் கம்பு இல்லை.

"கம்பு எங்கம்மா?"

"இன்னைக்கு ஒரு நாளு நீதாம்ட்டி கம்பு. மாமி வீட்டுக்குப் பெறவு போய்க்கிடலாம்."

அவள் என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாளைக்கு வலித்தது.

பிஜு அண்ணன் எங்களைப் பார்த்ததும் தலையில் கையை வைத்தார். "என்டம்மோ! இது கல்யாண டிரிப்பு ஆயிப்போச்சே. மாப்பிள எவிடே?"

"நீதாம்ல மாப்பிள. நேரா பாத்து ஓட்டு" என்றார் லீலாபாய் அக்கா. வண்டி முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். அவள் பட்டுச் சேலையில் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அழகாக இருந்தாள்.

ஸ்ரீவராகத்தில் மாமியும் அந்தப் பெண்ணும் காத்திருந்தார்கள். மாமி வெளுத்துப்போன நூல் சேலை கட்டியிருந்தார். வண்டிக்குள் காலை வைத்தவர் எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு எனக்கு மட்டும்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜானவி. சின்ன வயது. கையில் டேப்லெட். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினாள், மலையாளத்தில், நிறுத்தி நிறுத்தி. லீலாபாய் அக்காவிடம் என்ன வேலை என்று கேட்டாள்.

"லாட்ஜில் மேல்நோட்டம்" என்றார் அக்கா, மேற்பார்வைக்காரி மாதிரி.

சம்பளம் போதுமா என்று கேட்டாள்.

"தெய்வம் சகாயிச்சு ஒரு கொறவும் இல்ல."

அடுத்த வரிசையிலும் அப்படியே. ஒருத்தியை மகன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். இன்னொருத்திக்குச் சொந்த ஊரில் வீடு இருக்கிறது. கேட்டவர் யாராலும் பொய் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் ஓரத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. பிறகு அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். இந்த வண்டி இல்லையென்றால் எப்படி வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டாள்.

"நடந்து போவோம் மக்கா" என்றாள் அம்மா. "பக்கந்தானே. நடக்கதுக்கு என்ன, காலு இருக்குல்லா?"

"அம்மாவுக்கு நடக்க முடியாது" என்றேன். எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியாது.

அம்மா சிரித்துக்கொண்டே, சேலை மடிப்புக்கு அடியில், என் தொடையைக் கிள்ளினாள். "இவ சும்ம சொல்லுதா. எனக்கு ஒரு தும்மல் வந்தாக் கூட இவளுக்குப் பயம்."

மாமி முன்னால் இருந்து திரும்பினார். "அவளுக்கு இடுப்பில ஒரு அடி உண்டு, ஜானவி. ரொம்ப—"

"அதெல்லாம் எப்பவோ மாறிட்டு மாமி. இப்பம் சுகம்" என்றாள் அம்மா.

ஜானவி என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தாள். பிறகு டேப்லெட்டில் எதையோ தட்டினாள். எங்களை எல்லாம் சேர்த்து ஒரு போட்டோவும் எடுத்தாள்.

சாலைக் கடைத்தெருவில் வண்டி நின்றது. அம்மா எழுந்திருக்கவில்லை. பிஜு அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் கையைத் தொட்டேன். தட்டிவிட்டாள். அவள் இறங்கினால் சோடாப் பெட்டி வரவேண்டும், என் தோள் வரவேண்டும், அந்தப் பெண் அதைப் பார்ப்பாள். அதனால் தன் இடத்தைத் தாண்டி, தம்பானூர் தாண்டி, ஆஸ்பத்திரி வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமியும் ஜானவியும் இறங்கிப் போனபிறகு பிஜு அண்ணன் வண்டியைத் திருப்பி எங்களைச் சாலையில் கொண்டுவந்து விட்டார்.

குடோன் வாசலில் வன்னியராஜ் அண்ணாச்சி நின்றிருந்தார். "என்ன மாடத்தி, பொழுது இப்பத்தான் விடிஞ்சுதோ? பட்டுக் கட்டிட்டு வத்தல் கிள்ளப் போறியா?"

அம்மா அந்தச் சேலையோடுதான் சாயங்காலம் வரை உட்கார்ந்து கிள்ளினாள்.

கம்பெனியின் பதில் வந்த அன்று நான் மாமி வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமி போனை வைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பஸ் தரா" என்றார். "புதுசு. ஏசி. டிரைவரும் அவாளே போடுவா. ஆஸ்பத்திரிக்குப் போற வயசானவாளுக்கும், நடக்க முடியாதவாளுக்கும் மட்டும். ஸ்ரீவராகத்திலேர்ந்து கிளம்பும். உங்க பக்கம் வராது."

"மாமி, அம்மாவுக்கு…"

"நேக்குத் தெரியாதா? அதைத்தானே நான் எழுதினேன். காலை வண்டியில வரவா எல்லாம் நல்ல நிலைமையில இருக்கா, வேற வழியும் உண்டுன்னு அந்தப் பொண்ணு எழுதிட்டா. அவ கண்ணால பார்த்தது அதுதானே? இனிமே நான் போய் அது அப்படியில்லேன்னு சொன்னா, முன்னாடி எழுதினதே பொய்யோன்னு கேப்பா. இருக்கறதும் போயிடும். இந்தத் தெருவில டயாலிசிஸுக்குப் போறவா இருக்கா, செல்வி. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

நான் அரிசியிலிருந்து தண்ணீரை வடித்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. அம்மா பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். கடைக்குப் போய்க் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி என்னை விரட்டினாள்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் மாமி.

நான் வாங்கிவந்தேன். திரும்பி வந்தபோது பேச்சு ஆரம்பித்திருந்தது.

"உள்ளதைச் சொல்லுங்கோன்னு சொன்னேனே. ஏன் அப்படிச் சொன்னே?"

"முன்னப்பின்ன தெரியாத பிள்ள" என்றாள் அம்மா. "அதுட்டப் போயி எனக்கு ஏலாதுன்னு எப்படி மாமி சொல்லுவேன்? பிச்சைக்குக் கை நீட்டுத மாதிரில்லா இருக்கும்?"

"அதைக் கேக்கறதுக்குத்தானே அவ வந்தா!"

"நல்லா இருக்கியான்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதானே சொல்லணும்? நீங்க கூட்டிட்டு வந்த ஆளு. நீங்களும் அன்னைக்கு ஒரு நல்ல சீலை கட்டியிருக்கலாம் மாமி. உங்களப் பாத்து எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிட்டு."

மாமி அம்மாவையே பார்த்தார். கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. "என்னைப் பொய் சொன்னவளா ஆக்கிட்டேள் எல்லாரும் சேர்ந்து" என்றார்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. சாரத்திலிருந்து விழுந்தபோதுகூட அவள் அப்படி ஆகவில்லை.

மாமி குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு செய். ஊனம்னு டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கு. புது பஸ்ஸில நடக்க முடியாதவாளுக்குப் பாஸ் உண்டு. நான் வாங்கித் தரேன். ஆனா ஸ்ரீவராகம் வரைக்கும் நீதான் வந்து சேரணும்."

நடக்க முடியாதவர்கள் ஏறுகிற பஸ்ஸுக்கு அம்மா எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீவராகம் வரை நடந்து போகவேண்டும். மாமிக்கும் அது உறைத்திருக்கும், சொல்லி முடித்ததும். எழுந்துவிட்டார்.

"சரி மாமி, பாப்போம்" என்றாள் அம்மா. "கலரைக் குடிச்சிட்டுப் போங்க."

மாமி நின்றபடியே பாதி குடித்தார்.

அம்மா சர்ட்டிபிகேட் வாங்கப் போகவில்லை. "நாளைக்கு ஒனக்கு ஒரு மாப்பிள பாக்க வேண்டாமா? தாய்க்காரி நொண்டின்னு சர்க்காரு சீல் குத்தின பேப்பரக் காட்டவா?" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

புது பஸ் வந்தது. பழைய வேனை எடைக்குப் போட்டார்கள். பிஜு அண்ணன் வாடகை ஆட்டோ ஓட்டப் போனார். முதல் வாரம் காலையில் வந்து, "கேறு சேச்சி, ஞான் அந்த வழிதான்" என்று அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். வண்டி வாடகைக்கே திணறுகிறவர் சவாரியை விட்டுவிட்டு வருகிறார் என்று லீலாபாய் அக்கா சொன்னதும் அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "அவன் பிழைப்புல மண்ணப் போடதுக்கா?"

லீலாபாய் அக்காவும் மற்றவர்களும் டவுன் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் ஏற முடிந்தது. அம்மா விடிவதற்கு முன்னாலேயே கம்பை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கடை வாசல்களில் உட்கார்ந்து உட்கார்ந்து போவாள். அப்படியும் தினமும் தாமதம். கால் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. பிறகு ஒரு நாள் பாதி வழியில் விழுந்துகிடந்தவளை யாரோ தூக்கி உட்கார வைத்து, எனக்குப் போன் செய்தார்கள்.

வன்னியராஜ் அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கேட்டார். நான் போனேன். "நான் என்ன செய்ய முடியும்? மூட்டை தேங்கி நிக்குதுல்லா" என்றார். "ஒங்கம்மா கை வேகம் ஒருத்திக்கும் வராது. வேற ஆளு போட மனசில்ல. நீ வாறியா? புதுக் கைக்கு அவ கூலி தர முடியாது, அதச் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போ" என்றாள்.

மாமியிடம் வேலைக்கு இனி வரமுடியாது என்று சொல்லப் போனேன். "நீயும் போறியா?" என்றார். "இவ்வளவு பண்ணியும் கடைசியில ஒருத்தரும் நிக்கறதில்லே." நான் சம்பளப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடிந்திருக்கும்.

குடோனில் அம்மா உட்கார்ந்த இடத்தில் இப்போது நான் உட்காருகிறேன். சுவரில் அவள் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய் படிந்திருக்கிறது. மிளகாய் நெடி முதல் நாள் கண்ணில்தான் ஏறியது. பிறகு விரலுக்கு இறங்கியது. நகக்கண்ணுக்குள் நெருப்பை வைத்துத் தைத்த மாதிரி. தண்ணீர் பட்டால் இன்னும் எரிகிறது. சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையை மடியில் எடுத்துவைத்துத் தேங்காய் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாக. அவள் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன. எதுவும் அவற்றில் ஏறாது.

"பழகிரும்ட்டி" என்றாள்.

அடுத்த விரலுக்கு எண்ணெய் தொட்டாள்.

"அந்த வண்டிய வழியில பாக்கியா?"

"தினமும் பாக்கேன். சாலையில."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. வெள்ளக் கலரு. கதவு தானாத் தொறக்கும். படி ரோடு வரைக்கும் எறங்கி வருது."

"ஆளு உண்டுமா?"

"ரெண்டு பேரு. சில நாளு மூணு."

அம்மாவின் கை நின்றது.

"அய்யோ பாவம்" என்றாள். "ஆளில்லாம ஓடுனா கம்பெனிக்காரன் மாமியத்தானே கேப்பான்? அவியளுக்குக் கொறச்சலாயிருமே."

நான் கையை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொண்டேன்.